கொழும்புச் சந்தையில் தொழில்நுட்பப் பங்குகள்: எதைப் பார்த்து வாங்குகிறீர்கள்?

கல்லடி வாசி

எல்லாருக்கும் வணக்கம். வங்கிப் பங்கு, ஹோட்டல் பங்கு, தோட்டக் கம்பனிகள் என்று நிறையப் பேசிவிட்டோம். தொழில்நுட்பப் பங்குகளுக்குத் தனி இழை வேண்டும் என்று பலர் கேட்டதால் தொடங்குகிறேன்.

ஏன் இப்போது என்றால், நிலையான வைப்பு முதிர்ந்து பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு யோசிப்பவர்கள் நம்மில் அதிகம். 2022 கடைசியில் திறைசேரி உண்டியலே 30 வீதத்துக்கு மேல் கொடுத்தது. இன்று வைப்பு வட்டி ஒற்றை இலக்கத்தில் நிற்கிறது. அந்த வட்டியில் வங்கி கழிக்கும் வரியும் 2025 ஏப்ரலில் இருந்து 5 வீதம் 10 வீதமாகிவிட்டது. சந்தைச் சுட்டெண்ணோ 2022 ஜனவரியில் தொட்ட உச்சத்தை 2024 டிசம்பரிலேயே தாண்டிப் போய்விட்டது. அதனால் பங்குப் பக்கம் எட்டிப் பார்க்காத ஆட்கள்கூட இப்போது கைத்தொலைபேசியிலேயே சிடிஎஸ் கணக்கு, அதாவது பங்குகளை வைத்திருக்கும் கணக்கு, திறக்கிறார்கள்.

கொழும்பில் தொழில்நுட்பம் என்று சொல்லத்தக்கவை சிலவே. டயலொக், எஸ்எல்டி (ஸ்ரீலங்கா டெலிகொம்) இரண்டும் தொலைத்தொடர்பு. எச்செனிட் பிஸ்னஸ் சொலூஷன்ஸ் மென்பொருள். கப்ருக இணைய வியாபாரம். வாடகை வாகன ஆப்பான பிக்மீயை நடத்தும் டிஜிட்டல் மொபிலிட்டி 2024 ஒக்டோபரில் பட்டியலுக்கு வந்தது. இவற்றில் எது உங்களுக்குப் பிடிக்கிறது, ஏன்?

ஒரே ஒரு நிபந்தனை. பங்கின் பெயரைச் சொல்கிறவர், அது தன்னிடம் இருக்கிறதா இல்லையா என்பதையும் சொல்ல வேண்டும். என்னிடம் டயலொக் இருக்கிறது. வேறு எதுவும் இல்லை.

வாழைச்சேனைத் தம்பி

அண்ணா, கொழும்பில் எங்கே தொழில்நுட்பம் இருக்கிறது? ரீலோட் (போன் ரீசார்ஜ்) விற்கிற கம்பனியும் கேக் அனுப்புகிற கம்பனியும்தானே. உலகம் ஓடுவது செயற்கை நுண்ணறிவில். அதற்குச் சிப் செய்கிற அமெரிக்கக் கம்பனி என்விடியா 2024 ஜூனில் ஒரு பங்கைப் பத்தாகப் பிரித்தது. 2025 ஜூலையில் 4 ட்ரில்லியன் டொலர் பெறுமதியை எட்டிய முதல் கம்பனி அதுதான். வந்தாறுமூலைக் கம்பஸில் எங்கள் பட்ச் முழுக்க இதைத்தான் பேசுகிறது.

டெலிகிராம் குழு ஒன்றில் வெளிநாட்டு ஆப் ஒன்றைக் காட்டினார்கள். கார்டில் டொலர் போட்டால் அரைப் பங்கு, கால் பங்குகூட வாங்கலாமாம். யாராவது செய்திருக்கிறீர்களா? என்னிடம் எந்தப் பங்கும் இல்லை, இனித்தான்.

அக்கரைப்பற்று வங்கியாள்

தம்பி, கொஞ்சம் பொறுங்கள். இருபது வருடமாக வங்கியில் வெளிநாட்டு நாணயப் பகுதியில் இருக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்.

இலங்கையில் வசிக்கிற ஒருவர் நாட்டுக்கு வெளியே முதலிடுவது 2017ஆம் ஆண்டு 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்துக்குள் வருகிறது. அதற்கென்று வெளிமுக முதலீட்டுக் கணக்கு என ஒன்று இருக்கிறது. பணம் அதன் வழியாகத்தான் போக வேண்டும். எவ்வளவு போகலாம் என்பதை அவ்வப்போது வரும் கட்டளைகள் தீர்மானிக்கின்றன. 2020இல் டொலர் தட்டுப்பாடு தொடங்கியபோது இந்தக் கதவை நன்றாக இறுக்கினார்கள், பிறகு படிப்படியாகத் தளர்த்தினார்கள். ஆகவே போன வருடம் யாரோ செய்தார் என்பதை வைத்து இன்று செய்ய முடியாது. உங்கள் வங்கிக் கிளையில் வெளிநாட்டு நாணயப் பகுதிக்குப் போய், இன்றைய நிலையை எழுத்தில் கேளுங்கள். கடன் அட்டையில் தேய்த்து டொலர் போடுவது அந்த வழி அல்ல.

இன்னொன்று. அந்த டெலிகிராம் குழுவில் ‘ஆள் சேர்த்தால் கமிஷன்’ என்று ஒரு வரி இருந்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். அது பங்கு வியாபாரம் இல்லை. வங்கிச் சட்டத்தின் 83சி பிரிவு பிரமிட் திட்டங்களைத் தடை செய்கிறது. தடை செய்த நிறுவனங்களின் பெயர்ப் பட்டியலை மத்திய வங்கி தன் இணையத்தளத்தில் போட்டிருக்கிறது. நம்ம பக்கத்தில் காத்தான்குடி தொடக்கம் பொத்துவில் வரைக்கும் இந்தப் பட்டியலில் உள்ளவற்றில் பணம் போட்டவர்கள் இருக்கிறார்கள். மகளின் கல்யாணத்துக்கு வைத்திருந்த காசை அதில் போட்டுவிட்டு என் மேசைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வங்கியால் அந்தப் பணத்தை மீட்டுக் கொடுக்க முடியாது.

பங்கு எதுவும் என்னிடம் இல்லை. ஊழியர் சேமலாப நிதியும் வைப்பும் மட்டும்.

வாழைச்சேனைத் தம்பி

நன்றி அண்ணா. அந்தக் குழுவில் அப்படி ஒரு வரி இருக்கிறது. வெளியேறிவிட்டேன்.

ஆரையம்பதி அக்கா

தம்பியின் கேள்வி சரியான கேள்வி. அதைத் தட்டிக் கழிக்கக் கூடாது. நான் மென்பொருள் வேலை செய்கிறேன், வீட்டில் இருந்தே, வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு. எங்கள் துறையில் உள்ளவர்களுக்குத் தெரிந்த விஷயம் ஒன்று உண்டு: இலங்கையில் பிறந்த நல்ல தொழில்நுட்பக் கம்பனிகள் பெரும்பாலும் கொழும்புச் சந்தைக்கு வருவதே இல்லை.

மிலேனியம்ஐடியைப் பாருங்கள். நாம் பங்கு வாங்கி விற்கும்போது பின்னால் ஓடுகிற கணினி முறையைச் செய்து கொடுத்ததே அவர்கள்தான். 2009இல் இலண்டன் பங்குச் சந்தை அந்தக் கம்பனியை 3 கோடி டொலருக்கு வாங்கியது. 2011இல் இலண்டன் சந்தையே அந்த மென்பொருளுக்கு மாறியது. வேர்ச்சூசா 2007இல் அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையில் பட்டியலுக்குப் போய், 2021இல் தனியார் முதலீட்டாளர் கைக்கு மாறியது. டபிள்யூஎஸ்ஓ2வை 2024இல் ஈகியூடி என்ற சுவீடன் முதலீட்டு நிறுவனம் வாங்கியது. இவை எதிலும் மட்டக்களப்பில் இருக்கிற ஒரு ஆசிரியரோ கடைக்காரரோ ஒரு பங்குகூட கொழும்பில் வாங்கியிருக்க முடியாது. எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு. நம்ம பிள்ளைகள் கட்டிய கம்பனிகள், அவற்றின் வளர்ச்சியில் நமக்குக் கொஞ்சமும் இல்லை.

அதனால்தான் எச்செனிட் 2021 டிசம்பரில் பங்கு வெளியிட்டபோது நான் சந்தோஷப்பட்டேன். மனிதவள மென்பொருள் விற்கிறார்கள், சம்பளம், வருகைப் பதிவு, லீவு எல்லாம் அதில் வரும். ஆசியாவிலும் ஆபிரிக்காவிலும் வாடிக்கையாளர்கள். வாடிக்கையாளர் ஒரு தடவை தன் ஊழியர் விபரம் முழுவதையும் அதில் ஏற்றிவிட்டால் வேறு மென்பொருளுக்கு மாறுவது பெரிய தலையிடி, அதனால் வருடா வருடம் கட்டணம் வரும். முக்கியமாக, வெளிநாட்டு வாடிக்கையாளர் கட்டுவது டொலர். வெளியீட்டு விலை 12.50. என்னிடம் இருக்கிறது, அன்று வாங்கியதுதான், இன்னும் விற்கவில்லை.

தம்பிக்கு ஒரு வார்த்தை. என்விடியா பெரிய கம்பனிதான், சந்தேகமில்லை. ஆனால் 2025 ஜனவரி 27ஆம் திகதி, சீனாவின் செயற்கை நுண்ணறிவுக் கம்பனி டீப்சீக் பற்றிய செய்தி வந்த அன்று, ஒரே நாளில் 17 வீதம் விழுந்தது. கிட்டத்தட்ட 600 பில்லியன் டொலர் பெறுமதி ஒரு நாளில் போனது. அதற்கு முன்னால் 2000ஆம் ஆண்டு மார்ச்சில் உச்சத்தில் இருந்த நாஸ்டாக் சுட்டெண் 2002 ஒக்டோபருக்குள் நாலில் மூன்று பங்குக்கு மேல் இழந்து, பழைய உச்சத்துக்குத் திரும்ப 2015 ஆகிவிட்டது. அந்தக் காலத்தில் எல்லாரும் வலையமைப்புக் கருவி செய்கிற சிஸ்கோவைத்தான் இப்படிச் சொன்னார்கள், இணையம் ஓடுவதே அதன் பெட்டிகளில் என்று. அது உண்மையும்கூட. இணையம் வளர்ந்தது, சிஸ்கோவும் வளர்ந்தது. ஆனால் 2000இல் உச்ச விலையில் வாங்கியவர் தன் முதலைப் பார்க்க இருபது வருடத்துக்கு மேல் இருக்க வேண்டியிருந்தது.

களுவாஞ்சிக்குடி டீச்சர்

நான் கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்றவள். யார் எந்தப் பங்கைச் சொன்னாலும் முதலில் ஒரு கடதாசியில் எழுதிப் பார்ப்பேன். இங்கேயும் எழுதுகிறேன்.

முதலில் செலவு. கொழும்பில் சாதாரண அளவிலான கொடுக்கல் வாங்கலுக்கு மொத்தச் செலவு 1.12 வீதம். இதில் தரகருக்கு 0.64, பங்குக் கொடுக்கல் வாங்கல் வரி 0.30, மிச்சம் சந்தைக்கும் சிடிஎஸ்ஸுக்கும் பிணையங்கள் ஆணைக்குழுவுக்கும். வாங்கும்போதும் இது போகும், விற்கும்போதும் போகும். ஒரு லட்சம் ரூபாய்க்கு வாங்கினால் 1,120 ரூபா. அதே விலைக்கு விற்றால் இன்னும் 1,120 ரூபா. விலை அசையாமல் நின்றாலே 2,240 ரூபா கையை விட்டுப் போய்விட்டது. மாதம் ஒரு தடவை வாங்கி விற்கிற பிள்ளைகள் வருடத்துக்கு இதைப் பன்னிரண்டால் பெருக்கிப் பாருங்கள். லட்சத்துக்கு 26,880 ரூபா.

இரண்டாவது, தம்பி கல்லடி வாசியின் டயலொக். 2005இல் அந்தப் பங்கு மக்களுக்கு வந்த விலை 12 ரூபா. அப்போது ஒரு டொலர் ஏறக்குறைய 100 ரூபா. 2024இல் அந்தப் பங்கு 10க்கும் 12க்கும் இடையில்தான் பெரும்பாலும் நின்றது, டொலர் 300 ரூபா. 2005இல் 12 டொலர் சதம் பெறுமதி, 2024இல் 4 சதம். இடையில் பங்கிலாபம் கொடுத்தார்கள், அதையும் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் நியாயமில்லை. சேர்த்தாலும் இந்தப் பத்தொன்பது வருடத்தில் சந்தாதாரர் தொகை எவ்வளவு பெருகியது, கோபுரங்கள் எவ்வளவு வந்தன என்று பார்த்தால், அந்த வளர்ச்சி பங்குதாரரிடம் வந்து சேரவில்லை. தொலைத்தொடர்பில் சம்பாதிக்கிற காசு முழுக்க அடுத்த கோபுரத்துக்கும் அடுத்த தலைமுறை இயந்திரத்துக்கும் போய்விடுகிறது. 3ஜி வந்தது, 4ஜி வந்தது, ஒவ்வொரு தடவையும் டொலரில் சாமான் இறக்க வேண்டும்.

மூன்றாவது கணக்கு இன்னும் முக்கியம், ஆனால் அடுத்த பதிவில் எழுதுகிறேன். பேத்தி போனைக் கேட்கிறாள்.

கல்லடி வாசி

டீச்சர், கணக்கு சரி. ஆனால் நான் வாங்கிய காரணம் 2005இல் இல்லாத ஒன்று. அப்போது சந்தையில் ஆளுக்கு ஆள் விலை குறைத்துச் சண்டை போட்டார்கள். 2018இல் எடிசலாட்டை ஹட்ச் எடுத்தது. 2024 ஜூனில் எயார்டெல் லங்காவை டயலொக் எடுத்தது, அதற்குப் பதிலாக பார்தி எயார்டெலுக்கு டயலொக்கில் 10.355 வீதப் பங்கு போனது. இப்போது கைத்தொலைபேசியில் மிச்சம் மூன்று கம்பனிதான். மூன்று பேர் இருக்கிற சந்தையில் விலை உடைக்கிற சண்டை குறையும். நான் கணக்குப் போட்டது அதை வைத்துத்தான்.

பொத்துவில் கரை

2025 ஜூலையில் செய்மதி இணையம் ஸ்டார்லிங்க் வந்துவிட்டதே, அதையும் சேர்த்துப் பாருங்கள். எங்கள் பக்கம் அறுகம்பையில் ஹோட்டல் வைத்திருப்பவர்கள் அதைப் பற்றித்தான் விசாரிக்கிறார்கள். பங்கு இல்லை.

கல்லடி வாசி

மாத வாடகையைப் பார்த்தால் சாதாரண வீட்டுக்கு அது இன்னும் எட்டாது. ஹோட்டல்காரர் எடுப்பார், வாகரைப் பக்கம் சிக்னல் இல்லாத இடத்தில் எடுப்பார்கள். 50 ரூபாய்க்கும் 100 ரூபாய்க்கும் ரீலோட் போடுகிறவர்தான் டயலொக்கின் பலம், அவர் போக மாட்டார் என்பது என் எண்ணம்.

சாய்ந்தமருது காக்கா

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். நான் புடவைக் கடை வைத்திருக்கிறேன். வட்டி எடுப்பதில்லை, அதனால் வைப்புக் கதை எனக்குப் பொருந்தாது. மிச்சம் இருப்பது காணி, நகை, வியாபாரம், பங்கு. பங்கில் எல்லாமும் எங்களுக்குச் சரிவராது. மதுபானம், சாதாரண வங்கி, சூது இருந்தால் ஒதுக்கிவிட வேண்டும். அதோடு முடியாது. கம்பனி எவ்வளவு வட்டிக் கடன் வாங்கியிருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். அயோபி (AAOIFI) என்ற இஸ்லாமிய நிதி அமைப்பின் தரத்தின்படி வட்டிக் கடன் கம்பனியின் சந்தைப் பெறுமதியில் 30 வீதத்தைத் தாண்டக் கூடாது, ஆகாத வருமானம் 5 வீதத்துக்குள் இருக்க வேண்டும், அதையும் கணக்குப் பார்த்து சதக்காவாக, அதாவது தர்மமாக, கொடுத்துவிட வேண்டும்.

நான் சொல்ல வந்தது மார்க்கப் பிரசங்கம் இல்லை. இந்த வடிகட்டியை வைத்துப் பார்க்கிற பழக்கம் இருப்பதால், எந்தக் கம்பனியை எடுத்தாலும் முதலில் கடன் பக்கத்தைத்தான் திறப்பேன். 2022இல் வட்டி ஏறி, ரூபா விழுந்தபோது யார் யார் அடிபட்டார்கள் என்று பாருங்கள். கடன் கூடிய கம்பனிகள்தான். கடன் இல்லாதவன் படுத்துத் தூங்கினான். இஸ்லாமியருக்கு மட்டும் உரிய பாடமாக இதை நான் நினைக்கவில்லை.

மென்பொருள் கம்பனிக்குப் பெரிய கட்டடம், இயந்திரம் தேவையில்லை, ஆகவே கடன் குறைவாக இருக்க வாய்ப்பு. அந்தக் காரணத்துக்காக அக்கா சொன்ன பங்கில் நானும் கொஞ்சம் வைத்திருக்கிறேன். தொலைத்தொடர்பில் ஒவ்வொரு காலாண்டும் அந்த வீதத்தைப் பார்க்க வேண்டும், விலை விழுந்தால் அதே கடன் 30ஐத் தாண்டிவிடும். அந்தத் தொல்லைக்காகவே நான் அதில் இல்லை.

களுவாஞ்சிக்குடி டீச்சர்

காக்கா என் மூன்றாவது கணக்கைப் பாதி சொல்லிவிட்டார். மிச்சம் இது.

கடன் எவ்வளவு என்பது ஒன்று, எந்தக் காசில் என்பது மற்றது. 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாவைச் சுற்றி இருந்தது. மே மாதம் 360. ஒரு கம்பனி 10 கோடி டொலர் கடன் வைத்திருந்தது என்று வையுங்கள். மார்ச்சில் அது புத்தகத்தில் 2,000 கோடி ரூபா. மே மாதம் 3,600 கோடி ரூபா. ஒரு சதமும் புதிதாகக் கடன் வாங்காமல் 1,600 கோடி கூடிவிட்டது. வருமானம் முழுக்க ரூபாவில் என்றால் அந்த 1,600 கோடியும் நட்டமாகவே கணக்கில் ஏறும். டயலொக் 2022இல் பெரிய நட்டம் காட்டியதற்கு முதற் காரணம் இந்த நாணய மாற்று நட்டம்தான். போன் பேசுகிறவர்கள் குறையவில்லை, கோபுரம் இடியவில்லை. கடன் டொலரில் இருந்தது, ரீலோட் ரூபாவில் வந்தது.

அதே நாட்களில் டொலரில் சம்பாதித்து ரூபாவில் சம்பளம் கொடுத்த கம்பனிக்கு எதிர்ப்பக்கமாக நடக்கும். ஆகவே நான் ஆண்டறிக்கையை எடுத்தால் அழகான படங்கள் இருக்கிற முன்பக்கத்தைத் தாண்டிப் போய்விடுவேன். பின்னால் நிதிக் கூற்றுகளுக்குக் கீழே குறிப்புகள் வரும். அதில் ‘நிதி இடர் முகாமைத்துவம்’ என்ற குறிப்பைத் தேடுங்கள். டொலர் இத்தனை வீதம் ஏறினால் இலாபம் இத்தனை குறையும் என்று ஒரு சின்ன அட்டவணை அங்கே போட்டிருப்பார்கள். அந்த அட்டவணையில் குறைகிறதா கூடுகிறதா என்று பாருங்கள்.

என்னிடம் எஸ்எல்டி கொஞ்சம் இருக்கிறது. 2002 கடைசியில் அரசாங்கம் 15 ரூபாய்க்கு மக்களுக்குக் கொடுத்தபோது என் கணவர் வாங்கியது. அது பல மடங்காகிவிட்டது. ஆனால் அதை வாங்கச் சொல்லி யாருக்கும் சொல்ல மாட்டேன், காரணம் இது: 49.5 வீதம் திறைசேரியிடம், 44.98 வீதம் ஒரே ஒரு வெளிநாட்டு நிறுவனத்திடம். ஊர் முழுக்கச் சேர்ந்து வாங்கி விற்க மிச்சம் இருப்பது ஐந்தரை வீதம். அரசாங்கம் விற்கப் போகிறது என்று பேச்சு வந்தால் ஏறும், விற்கவில்லை என்றால் இறங்கும். அதில் கம்பனியின் வேலையைப் பார்த்துக் கணக்குப் போட முடியாது.

சம்மாந்துறை விவசாயி

எல்லாரும் எதை வாங்குவது என்று எழுதுகிறீர்கள். விற்பதைப் பற்றி நான் எழுதுகிறேன். எனக்கு அதுதான் முக்கியம்.

எங்கள் காசு வருடம் முழுக்க இருக்கிற காசு இல்லை. பெப்ரவரி, மார்ச்சில் பெரும்போக நெல் வெட்டினால் கைக்கு வரும். ஏப்ரலில் சிறுபோகத்துக்கு ஒரு பகுதி போகும். மிச்சத்தை ஒக்டோபரில் உழவுக்கும் விதைநெல்லுக்கும் உரத்துக்கும் எடுத்தே ஆக வேண்டும். மழைக்கு முன்னால் டிராக்டர்காரன் வந்து நின்றால் ‘பங்கு விலை ஏறட்டும்’ என்று சொல்ல முடியாது.

சின்னக் கம்பனிப் பங்கில் என்ன நடக்கும் என்றால், திரையில் 10 ரூபா 50 சதம் என்று போட்டிருக்கும். உங்களிடம் 40,000 பங்கு இருக்கிறது, நாலு லட்சத்து இருபதினாயிரம் என்று மனதில் கணக்கு. விற்கப் போனால் வாங்குகிற பக்கத்தில் 10.50க்கு 1,500 பங்குக்குத்தான் ஆள் நிற்கிறான். 10.40க்கு 3,000. 10.30க்கு 800. அதற்குக் கீழே 10 ரூபாய்க்குத்தான் ஒரு பெரிய ஓடர். முழுவதையும் ஒரே நாளில் விற்க வேண்டும் என்றால் கடைசிப் பகுதி எல்லாம் 10 ரூபாய்க்குத்தான் போகும். மெதுவாக விற்றால் இரண்டு மூன்று வாரம். விற்ற பிறகும் காசு கைக்கு வர இரண்டு வேலைநாள். ஆகவே பங்கின் விலையைப் பார்க்க முன்னால், ஒரு நாளைக்கு எத்தனை பங்கு கைமாறுகிறது என்று ஒரு மாதத்துக்குப் பாருங்கள். உங்களுடைய தொகை அதில் பத்தில் ஒன்றைத் தாண்டினால் அது உங்களுக்குப் பெரிய தொகை.

2022 ஏப்ரலை மறந்துவிடாதீர்கள். 12ஆம் திகதி நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. புதுவருடம் முடிந்து 18ஆம் திகதி திறக்க வேண்டிய சந்தையை ஒரு கிழமை முழுக்க மூடி வைத்தார்கள். 25ஆம் திகதி திறந்ததும் விழுந்த விழுக்காட்டில் அன்றைக்கும் வியாபாரத்தை நிறுத்திவிட்டார்கள். அந்தச் சிறுபோகத்துக்கு உரமும் இல்லை, டீசலும் இல்லை. பங்கில் காசு வைத்திருந்தவனுக்கு அந்தக் காசும் இல்லை.

டயலொக் வைத்திருக்கிறேன். அக்கா சொல்கிற கம்பனி நல்லதாக இருக்கலாம், நான் வாங்காததற்குக் காரணம் இதுதான். டயலொக்கை எந்த நாளிலும் விற்கலாம்.

வாழைச்சேனைத் தம்பி

அப்படியென்றால் இளம் ஆட்களுக்கு வேறு கணக்கு இல்லையா? எனக்கு விதைப்பு இல்லை, பிள்ளை குட்டி இல்லை. டியூஷன் சொல்லிக் கொடுத்து மாதம் 10,000 மிச்சம் பிடிக்கிறேன். பத்து வருடம் கைவைக்காமல் விட முடியும். பயந்து பயந்து வைப்பில் போட்டால் விலைவாசி தின்றுவிடுமே.

ஆரையம்பதி அக்கா

ஓம் தம்பி, உங்களுக்கு வேறு கணக்குத்தான். காக்காவும் விவசாயி அண்ணனும் சொன்ன இரண்டையும் வடிகட்டியாக வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் உங்களுக்குக் காலம் இருக்கிறது. மாதம் பத்தாயிரத்துக்கு மெல்ல மெல்ல வாங்கினால், அளவு சின்னது என்பதால் திரையில் ஆள் இல்லாத பிரச்சினை உங்களுக்கு வராது.

ஆனால் ஒன்றைக் கேளுங்கள். 2021 டிசம்பர், 2022 ஜனவரியில் இரண்டு தொழில்நுட்பக் கம்பனிகள் அடுத்தடுத்து வந்தன. சந்தை அப்போது உச்சத்தை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. கப்ருக 15.40க்கு வந்தது. கனடாவிலும் இலண்டனிலும் இருக்கிற நம்ம ஆட்கள் அம்மாவின் பிறந்தநாளுக்கு இங்கே கேக் அனுப்புகிற சேவை, டொலர் வருமானம், நல்ல கதை. நானும் அப்போது அறிக்கையைப் படித்தேன், வாங்கவில்லை. வெளியீட்டு விலைக்குக் கீழே போய் நீண்ட நாள் கிடந்தது. கதை பொய்யாகவில்லை, இன்றும் கேக் போகிறது. சந்தை உச்சத்தில் இருக்கும்போது உரிமையாளர் பங்கு விற்க வருகிறார் என்றால், நல்ல விலை கிடைக்கிறது என்று அவருக்குத் தெரியும் என்பதுதான் பொருள். இப்போதும் சந்தை உயரத்தில் இருக்கிறது. அடுத்து வரப்போகிற புது வெளியீடுகளை அந்தக் கண்ணோடு பாருங்கள்.

அக்கரைப்பற்று வங்கியாள்

பிக்மீயைப் பற்றி யாரும் எழுதவில்லையே?

கல்லடி வாசி

எழுதலாம். அது வந்த விதம் வேறு. மக்களிடம் புதிதாகப் பணம் திரட்டவில்லை, ஏற்கெனவே இருந்த பங்குகளை நேரடியாகப் பட்டியலிட்டார்கள். 2015இல் தொடங்கிய உள்ளூர்க் கம்பனி, அதே வருடம் ஊபரும் இங்கே வந்தது, இத்தனை பெரிய ஆளோடு மோதித் தாக்குப் பிடித்து நிற்கிறது. அதற்கு நான் மரியாதை கொடுக்கிறேன். வாகனம் சாரதியுடையது, பெற்றோல் சாரதியுடையது, கம்பனிக்குத் தரகு. ஆகவே பெரிய கடன் இல்லாமல் வளரக்கூடிய வகை, காக்காவின் வடிகட்டிக்குப் பொருந்தலாம். வருமானம் ரூபாவில், ஆனால் டீச்சர் சொன்ன மாதிரி டொலர்க் கடன் இல்லாவிட்டால் அது பிரச்சினை இல்லை.

எனக்குத் தயக்கம் வேறு இடத்தில். கொழும்பைத் தாண்டி எவ்வளவு தூரம் வளரும்? கல்முனையிலும் மட்டக்களப்பிலும் நமக்குத் தெரிந்த ஓட்டோக்காரரின் நம்பர் போனில் இருக்கிறது, கூப்பிட்டால் வருவார், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வரவும் செய்வார். அந்தப் பழக்கத்தை மாற்றத் தள்ளுபடி கொடுக்க வேண்டும், தள்ளுபடி இலாபத்தில் இருந்து போகும். ஆண்டறிக்கையில் மாவட்ட வாரியாகப் பிரித்துக் காட்டினால் நன்றாக இருக்கும்.

சாய்ந்தமருது காக்கா

உணவு விநியோகத்தையும் பாருங்கள். அங்கே பழக்கம் வேகமாக மாறுகிறது. நோன்பு காலத்தில் எங்கள் தெருவில் இளம் பிள்ளைகள் மோட்டார் சைக்கிளில் கஞ்சியும் சமூசாவும் தாங்களாகவே வீட்டுக்கு வீடு கொண்டுபோகிறார்கள், எந்த ஆப்பும் இல்லாமல். தேவை இருக்கிறது.

களுவாஞ்சிக்குடி டீச்சர்

தம்பி வாழைச்சேனைக்கு ஒரு விஷயம். நகை அடகு வைத்தோ, தரகர் கொடுக்கிற கடனிலோ பங்கு வாங்கச் சொல்லி யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். 2022 ஜனவரிக்குப் பிறகு சந்தை இறங்கியபோது கடனில் வாங்கியவர்களின் பங்கைத் தரகர்களே விற்றுத் தீர்த்தார்கள், விலை என்ன என்று பார்க்கவில்லை. பத்து வருடம் காத்திருக்க முடியும் என்று நீங்கள் சொன்னீர்கள். சொந்தக் காசாக இருந்தால்தான் அது முடியும்.

புதிய உறுப்பினர் 7

இங்கே எழுதுவதில் அர்த்தமில்லை, எச்செனிட் இரண்டு மடங்கு ஏறப் போகிறது, உள்ளே இருந்து செய்தி. வாட்ஸ்அப் குழுவுக்கு வாருங்கள்.

கல்லடி வாசி

இணைப்பை நீக்கிவிட்டேன். அறிவிக்கப்படாத உள்தகவலை வைத்துப் பங்கு வாங்குவதும், விலையை ஏற்றக் கூட்டம் சேர்ப்பதும் 2021ஆம் ஆண்டு 19ஆம் இலக்கப் பிணையங்கள் பரிவர்த்தனை ஆணைக்குழுச் சட்டத்தின்கீழ் குற்றம். உங்களிடம் அந்தப் பங்கு இருக்கிறதா என்பதையும் நீங்கள் சொல்லவில்லை. இனி இப்படி எழுதினால் கணக்கை மூடிவிடுவேன்.

ஆரையம்பதி அக்கா

நன்றி அண்ணா. அந்தப் பங்கு என்னிடம் இருப்பதால் நானே சொல்கிறேன்: அப்படி எந்தச் செய்தியும் சந்தை அறிவிப்புப் பக்கத்தில் இல்லை. யாரும் அதை நம்பி வாங்க வேண்டாம்.

வாழைச்சேனைத் தம்பி

சிடிஎஸ் கணக்குக்கு இன்று விண்ணப்பித்துவிட்டேன். முதல் மூன்று மாதம் எதுவும் வாங்குவதில்லை, அறிக்கை மட்டும் படிப்பேன். டீச்சர், அந்த நிதி இடர்க் குறிப்பை எச்செனிட், டயலொக் இரண்டிலும் எடுத்து வைத்திருக்கிறேன். எச்செனிட்டில் டொலர் ஏறினால் இலாபம் கூடுமா குறையுமா என்ற இடத்தில் அடைப்புக்குறிக்குள் ஒரு எண் இருக்கிறது. அது நட்டமா?

களுவாஞ்சிக்குடி டீச்சர்

அடைப்புக்குறிக்குள் இருந்தால் கழித்தல். ஆனால் அந்த வரி டொலர் ஏறினால் என்ற வரியா, இறங்கினால் என்ற வரியா என்று இடப்பக்கத் தலைப்பைப் பாருங்கள், இரண்டும் கீழும் மேலுமாக வரும். பக்கத்தைப் படம் எடுத்து இங்கே போடுங்கள் மகன், இரவு சாப்பிட்டுவிட்டு வந்து பார்க்கிறேன். டயலொக்கின் பக்கத்தையும் சேர்த்துப் போடுங்கள்.